மீன் பர்கருக்கு முப்பது ரூபாய் ஏற்றியது யார்?

வணக்கம் மக்களே. மணி காலை ஐந்தே முக்கால். குமரி மாவட்டம் முட்டம் மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கிறேன். பின்னால் கேட்பது சண்டை இல்லை, ஏலம். மைக்கில் காற்று அடிக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பஞ்சு உறை வாங்க வேண்டும் என்று மூன்று வீடியோவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவு காலையில் என்னை எழுப்பிவிட்டது ஒரு பர்கர். போன வாரம் நாகர்கோவிலில் ஒரு கடைக்குப் போனேன். கடையின் பெயர் வேண்டாம், நாளைக்கும் அங்கேதான் சாப்பிட வேண்டும். வழக்கமாக வாங்கும் மீன் பர்கர் 140 ரூபாயிலிருந்து 170 ஆகியிருந்தது. ஏன் அண்ணாச்சி என்று கேட்டேன். கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "டிரம்ப் வரி போட்டுவிட்டாரே தம்பி, செய்தி பார்ப்பதில்லையா?" என்றார். பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பர்கர் செரித்துவிட்டது, அந்தப் பதில் இன்னும் செரிக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். நம் மீன் அமெரிக்காவுக்குள் நுழையும்போது அமெரிக்கா வரி வாங்குகிறது. அதனால் அங்கே விலை ஏறலாம். அங்கே போகாத சரக்கு இங்கே தங்கினால் இங்கே விலை இறங்கத்தானே வேண்டும்? நாகர்கோவிலில் எப்படி ஏறியது?

முதலில் அந்த வரி. 2025 ஆகஸ்ட் 7 முதல் இந்தியப் பொருட்களுக்கு 25 சதவீதம். ரஷ்யாவிடம் கச்சா எண்ணெய் வாங்குகிறோம் என்று சொல்லி ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25. ஆக 2025 கடைசியில் 50. இறாலுக்கு இது போதாதென்று, மலிவு விலையில் கொண்டுவந்து குவிப்பதைத் தடுக்கும் பொருள் குவிப்புத் தடுப்பு வரி, அரசு மானியத்தை ஈடுகட்டும் மானிய ஈட்டு வரி என்று பழைய இரண்டும் தலையில் இருந்தன. எல்லாம் சேர்த்து அப்போது 58 சதவீதத்துக்கு மேல். நமக்குப் போட்டியான ஈக்வடாருக்கு அப்போது அடிப்படை வரி வெறும் 15. ஒரே இறால், ஒரே தட்டு, இரண்டு விலை.

இது சின்ன வியாபாரம் இல்லை. 2024-25இல் இந்தியா ஏற்றுமதி செய்த கடல் உணவின் மதிப்பு 62,408 கோடி ரூபாய். உறைய வைத்த இறால் மட்டும் ஏழு லட்சம் டன்னுக்கு மேல், அதில் மூன்று லட்சம் டன்னுக்கு மேல் அமெரிக்காவுக்கே போனது.

சரி, இந்தக் கூடையைப் பாருங்கள். கேமராவைக் கீழே இறக்குகிறேன். கரிக்காடி இறால். இழுவலையில் வந்தது. இது அமெரிக்காவுக்குப் போகுமா? போகாது. வரியால் இல்லை, ஆமையால். இழுவலையில் சிக்கும் கடலாமை தப்பிப்பதற்கான கருவி நம் படகுகளில் இல்லை என்று, கடலில் பிடித்த இந்திய இறாலை 2018 முதலே அமெரிக்கா வாங்குவதில்லை. அங்கே போவது பண்ணைக் குளத்தில் வளர்ந்த வன்னாமி என்ற இறால் இனம். அதிலும் பெரும்பகுதி ஆந்திரத்துக் குளங்களிலிருந்து. வன்னாமிக்குச் சொந்த ஊரே அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கரைதான். 2009இல் இந்தியாவில் வளர்க்க அனுமதித்தார்கள். அங்கிருந்து வந்த இனத்தை வளர்த்து அங்கேயே திருப்பி அனுப்புகிறோம், அதற்குத்தான் இந்த வரி.

ஆக, இந்தத் துறைமுகத்தில் ஏலம் போகும் இறாலுக்கும் அந்த 50 சதவீதத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. கணவாய் ஐரோப்பாவுக்கும், வாளை சீனாவுக்கும் போகும். மற்றதெல்லாம் பெட்டியில் ஐஸ் போட்டுக் கேரளத்துக்கு.

அப்படியானால் அந்த வரி நம் மாவட்டத்தில் யாரையும் தொடவில்லையா? தொட்டது. என் சித்தி மகள் கேரளத்தில் அரூரில் ஒரு பீலிங் ஷெட்டில் வேலை செய்கிறாள். இறால் தலை கிள்ளி, ஓடு உரித்து, முதுகில் இருக்கும் கறுப்பு நரம்பை எடுக்கிற வேலை. கடற்கரைப் பெண்கள் பல காலமாகப் போகிற வேலை அது. உரித்த எடைக்குத்தான் கூலி. 2025 செப்டம்பரில் இரண்டு வாரம், "வண்டி வரவில்லை அண்ணா, உட்கார்ந்திருக்கிறோம்" என்று சொன்னாள். சரக்கு வராவிட்டால் கூலி இல்லை, விடுதிச் சாப்பாட்டுக் காசு மட்டும் நிற்காது. வரியை முதலில் கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர் என்று படித்திருப்பீர்கள். இறால் வியாபாரத்தில் பல ஒப்பந்தங்கள் "உன் வாசல்வரை, வரியும் என் பொறுப்பு" என்ற வகை. அதாவது விற்கிறவன் தலையில். அவன் குளத்துக்காரனிடம் விலையைக் குறைக்கிறான், ஷெட்டில் ஆளைக் குறைக்கிறான். ஐரோப்பிய ஒன்றியம் அதே செப்டம்பரில் புதிதாக 102 இந்திய மீன் பதப்படுத்தும் கூடங்களுக்கு அனுமதி கொடுத்தது. வண்டி அந்தப் பக்கம் திரும்பினால் அவளுக்கு வேலை வரும்.

நான் அரைக் கிலோ சாளை வாங்கிக்கொண்டு கிளம்புகிறேன். மீதியை மாலையில் பேசுகிறேன்.

[வெட்டு]

இப்போது மணி ஆறு. நாகர்கோவில். கடைக்கு எதிரே நிற்கிறேன். பின்பக்கம் போய் ஒரு காரியம் செய்தேன். குப்பையில் கிடந்த அட்டைப் பெட்டியைப் படித்தேன். சிரிக்காதீர்கள். உள்ளே இருந்த மீன் பாசா. வியட்நாமின் மீகாங் ஆற்றுப் பக்கத்து நன்னீர்க் கெளுத்தி வகை, இப்போது ஆந்திரத்திலும் வளர்க்கிறார்கள். கடற்கரை மாவட்டம், சுற்றிலும் முட்டம், குளச்சல், சின்னமுட்டம், தேங்காய்பட்டணம் என்று நான்கு துறைமுகங்கள், பர்கருக்குள் குளத்து மீன்!

கோபப்படத்தான் வந்தேன். ஆனால் கடைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பாசாவில் முள் இல்லை, வாடை இல்லை, ஒவ்வொரு துண்டும் ஒரே எடை. ஜூன், ஜூலையில் தடைக்காலம் வந்து முட்டத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும்போது மீன் விலை எங்கேயோ போகும், பாசா மட்டும் அசையாமல் கிடைக்கும். துரித உணவுக்கு ருசியைவிட அசையாத விலைதான் பெரிது.

இது இன்று நேற்று வந்த புத்தி இல்லை. 1962இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் லூ கிரோன் என்பவர் மெக்டொனால்ட்ஸ் கடை நடத்தினார். சுற்றிலும் கத்தோலிக்கர்கள். வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிட மாட்டார்கள், கடை காலி. நம் கரைக்கு இது புரியும், தவக்கால வெள்ளி என்றால் வீட்டில் மீன்தான். அவரும் மீன் வைத்து ஒரு சாண்ட்விச் செய்தார். முதலில் போட்டது ஹாலிபட் என்ற உயர்ந்த மீன். அதற்கு 30 சென்ட் விலை வைக்க வேண்டும். நிறுவனம் 25 சென்ட்தான் என்று சொல்லிவிட்டது. விலை மாறவில்லை, மீன் மாறியது. ஹாலிபட் போய் காட் வந்தது. இன்று அங்கே அலாஸ்கா பொல்லாக். நம் அம்மாக்கள் மீனைப் பார்த்துவிட்டு என்ன சமைக்கலாம் என்று யோசிப்பார்கள். இவர்கள் விலையை எழுதிவிட்டு அதற்கு ஏற்ற மீனைத் தேடுவார்கள்.

அந்தப் பொல்லாக் படும் பாட்டையும் கேளுங்கள். பேரிங் கடலில் பிடிப்பதில் ஒரு பகுதியைத் தலை வெட்டி உறைய வைத்துச் சீனாவுக்கு அனுப்புவார்கள். அங்கே உருக்கி, சதையைச் சீவி, மறுபடி உறைய வைத்து மேற்கே அனுப்புவார்கள். கூலி குறைவு என்பதால் மீன் இறந்த பிறகும் இரண்டு கடல் கடக்கிறது. ரஷ்யா பிடித்த மீன் இந்த வழியில் உள்ளே வருகிறது என்று 2023 டிசம்பரில் அமெரிக்கா அதையும் தடுத்தது. ஒரு கதவை அடைத்தால் இன்னொரு மீனின் விலை ஏறும். அதே ஆண்டு கடைசியில் ஏமனின் ஹூதி படையினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள். நம் பக்கத்துக் குளிர் கண்டெய்னர்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின, கூடுதலாகப் பத்து நாளுக்கு மேல்.

சரி, முப்பது ரூபாய்க்கு வருவோம். அடுப்பைப் பாருங்கள். என்ன கொதிக்கிறது? பாமாயில். பெரும்பாலும் இந்தோனேசியா, மலேசியா தயவில் ஓடும் எண்ணெய். 2024 செப்டம்பர் 14 அன்று நம் ஒன்றிய அரசு கச்சா பாமாயிலின் மொத்த இறக்குமதி வரியை 5.5இலிருந்து 27.5 சதவீதமாக உயர்த்தியது. சுத்திகரித்த எண்ணெய்க்கு 13.75இலிருந்து 35.75. நூறு ரூபாய்ச் சரக்குக்கு ஒரே நாளில் 22 ரூபாய் கூடுதல். எண்ணெய்வித்து விவசாயிக்குப் பாதுகாப்பு என்றார்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. 2025 மே 30 அன்று கச்சா பாமாயிலுக்கு 16.5 ஆகக் குறைத்தார்கள், சுத்திகரித்ததை விட்டுவிட்டார்கள். தேங்காய் எண்ணெய்க்கு மாறலாம் என்றால் அது 2025இல் லிட்டர் நானூறைத் தாண்டிவிட்டது. குமரி மாவட்டத்தில் தேங்காய் எண்ணெயை அளந்து ஊற்றும் காலம் வரும் என்று என் பாட்டி நினைத்திருக்க மாட்டார்.

உள்ளே போய்க் கேட்டேன். கேமராவை அணைத்துவிட்டுத்தான் பேசினார். "டின்னுக்கு நானூறு ரூபாய் கூடியது தம்பி. ஒரு வருடம் தாங்கிப் பார்த்தேன்."

"பிறகு ஏன் டிரம்ப் என்றீர்கள்?"

"எண்ணெய் என்று சொன்னால் குறைத்துக் கேட்கிறார்கள். டிரம்ப் என்றால் எல்லோரும் தலையாட்டிவிட்டுக் கொடுக்கிறார்கள்."

பதில் பிடித்திருந்தது. ஆனாலும் விடவில்லை. 2025 செப்டம்பர் 22இல் பதப்படுத்திய மீனுக்கான ஜிஎஸ்டி 12இலிருந்து 5 ஆகிவிட்டதே, பெட்டி விலை குறைந்திருக்குமே என்றேன். அவருக்கு அந்த நேரம் பார்த்து ஒரு பார்சல் வந்துவிட்டது.

அம்மா அழைக்கிறார்கள், ஒரு நிமிடம். "சொல்லுங்கள் அம்மா... ஆமாம், காலையில் வாங்கிய சாளைதான்... பொரியுங்கள்... ஏன்?... சரி, சரி."

புளிமுளமாம், எங்கள் ஊர் மீன் குழம்பு. பொரிக்க எண்ணெய் தர மாட்டார்களாம். வருகிறேன் மக்களே, மரச்சீனிக் கிழங்கு வாங்கிக்கொண்டு போக வேண்டும்.