பரங்கிப் பிஞ்சை விரல் நீட்டிக் காட்டலாமா?

வணக்கம் நேயர்களே. பரங்கிக் கொடியில் வரும் பூச்சிகளைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் பரங்கி, கொங்குப் பக்கம் அரசாணி, சென்னைக்காரர்களுக்கு மஞ்சள் பூசணி. பெயர் என்னவானாலும் பூச்சிக்கு எல்லாம் ஒன்றுதான். பாகல், புடலை, பீர்க்கு போட்டிருப்பவர்களும் வானொலியை அணைத்துவிட வேண்டாம், உங்களுக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

எனக்கு எட்டு வயதிருக்கும். கொல்லையில் எலுமிச்சை அளவுக்கு ஒரு பிஞ்சைப் பார்த்துவிட்டு "அப்பாயி, அங்க பாரு!" என்று விரல் நீட்டினேன். பளீரென்று கையில் ஒரு அடி. பரங்கிப் பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும், விரலை மடக்கித்தான் காட்ட வேண்டும் என்பது அப்பாயியின் சட்டம். நாலைந்து நாளில் அந்தப் பிஞ்சு நிஜமாகவே அழுகி விழுந்துவிட்டது. அதற்கப்புறம் அந்த வருடம் கொடியில் எது அழுகினாலும் பழி என் மேல்தான். ஒருமுறை நான் ஊரிலேயே இல்லை, திருவாரூரில் மாமா வீட்டில் இருந்தேன், அதற்கும் எனக்குத்தான் திட்டு விழுந்தது என்று சொன்னார்கள்.

கல்லூரி விடுமுறையில் வந்தபோது, அழுகிய பிஞ்சு ஒன்றை எடுத்து அரிவாள்மணையில் பிளந்து பார்த்தேன். உள்ளே வெள்ளை வெள்ளையாய்ப் புழு. அதில் ஒன்று உடம்பை வில்லாக வளைத்து, டப்பென்று துள்ளி என் பாதத்தில் விழுந்தது. காலை உதறிக்கொண்டு ஓடினேன் என்பதை மறைக்கவில்லை.

விரல் நீட்டியது நான்தான். ஆனால் கொடுக்கு நீட்டியது வேறு ஆள். பழ ஈ என்பார்கள், காய் ஈ என்றும் சொல்வார்கள். வீட்டு ஈ அளவுதான், செம்பழுப்பு நிறம், இறக்கையில் கரும்புள்ளி. பெண் ஈ வயிற்று நுனியில் இருக்கும் ஊசி போன்ற உறுப்பால் இளம் பிஞ்சின் தோலைக் குத்தி உள்ளே முட்டை வைத்துவிடும். குத்திய இடத்தில் பிசின் மாதிரி ஒரு சொட்டு கசிந்து நிற்கும். காலையில் வெயில் ஏறுவதற்குள் போய்ப் பாருங்கள், பளபளவென்று தெரியும். புழு சதையைத் தின்று வளர்ந்ததும் துள்ளி மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழு ஆகும், அப்புறம் ஈயாக வெளியே வந்து அடுத்த பிஞ்சைத் தேடும்.

அதனால்தான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன், என் மனைவிக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது: குழி தோண்டுங்கள். விழுந்த பிஞ்சைப் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். நாம் என்ன செய்கிறோம்? அழுகிய காயை வேலி ஓரம் வீசுகிறோம், இல்லாவிட்டால் எருக்குழியில் போடுகிறோம். ஈக்குப் பிரசவ வார்டு கட்டிக் கொடுத்த மாதிரிதான் அது. மாடித் தோட்டக்காரர்கள் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி நல்ல வெயிலில் வைத்துவிடுங்கள். கொடி அடியில் மண்ணை மேலாகக் கொத்திவிட்டால் கூட்டுப்புழு வெளியே வந்து வெயிலில் சாகும், கோழி இருந்தால் அதுவும் பொறுக்கித் தின்னும். ஜப்பானில் ஒகினாவா தீவுகளில் இந்த ஈக்களை மலடாக்கிப் பல வருடம் பறக்கவிட்டு, 1993இல் இனமே இல்லாமல் செய்துவிட்டார்கள். நம் கொல்லைக்கு அதெல்லாம் ஆகாது. நமக்கு மண்வெட்டிதான்.

கருவாட்டுப் பொறியும் வைக்கலாம். பாட்டிலில் துளை போட்டு, கருவாட்டுத் தூளும் சோப்புத் தண்ணீரும் ஊற்றிப் பந்தலில் தொங்கவிட வேண்டும். முன்பு இதில் டைக்குளோர்வாஸ் விடச் சொல்வார்கள், 2020 முடிவோடு அந்த மருந்துக்கே தடை வந்துவிட்டது. எங்கள் வீட்டுப் பொறியில் முதல் இரவு ஈ விழவில்லை, பக்கத்து வீட்டுப் பூனைதான் வந்தது. பாட்டிலை உயரமாகக் கட்டுங்கள். பூ கருகிப் பிஞ்சு பிடித்த இரண்டு மூன்று நாளில் துணிப்பையோ செய்தித்தாளோ சுற்றிவிட்டால் இன்னும் நல்லது.

இன்னொன்று, பிஞ்சு உதிர்ந்தாலே ஈ என்று நினைக்காதீர்கள். மகரந்தம் சேராவிட்டாலும் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கி விழும். அறுத்துப் பாருங்கள், புழு இல்லையென்றால் ஈ மேல் குற்றமில்லை. மார்கழிக் கோலத்துக்கு ஆண் பூவை எல்லாம் பறித்துச் சாணிப் பிள்ளையார் தலையில் செருகிவிட்டு, காயே பிடிக்கவில்லை என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வது? நாலு பூவைத் தேனீக்கும் விடுங்கள். பூ விடிகாலையில் மலரும், தேனீயும் காலையில்தான் வரும், அதனால் எதைத் தெளித்தாலும் சாயங்காலம் தெளியுங்கள். 50 கிராம் வேப்பங்கொட்டையை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டிக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்தால் வீட்டுத் தோட்டத்துக்குப் போதும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தானாம். நல்லவேளை, இங்கே பிஞ்சு எதுவும் இல்லை.

சரி, சிவப்பு வண்டு. விதை முளைத்து இரண்டு இலை விட்டதும் வந்து சல்லடையாக்கிவிடும். அதிகாலைக் குளிரில் மந்தமாக உட்கார்ந்திருக்கும், அப்போதே பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். இலை மேல் அடுப்புச் சாம்பல் தூவுங்கள், கந்தகத் தூள் மட்டும் வேண்டாம், கொடி கருகிவிடும். இதன் புழு மண்ணுக்குள் இருந்து வேரைத் தின்னும், தரையில் கிடக்கும் காயையும் துளைக்கும், ஆகவே காய்க்கு அடியில் வைக்கோல் போடுங்கள். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டை இதுவென்று நினைத்து நசுக்கிவிடாதீர்கள், அது வழவழவென்று உருண்டையாக, முதுகில் கறுப்புக் குறியோடு இருக்கும், இது புள்ளி இல்லாமல் நீளவாக்கில் இருக்கும். வெள்ளை ஈயைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வந்தேன், அதற்கு நேரமில்லை. வணக்கம்.