ஒரு டச்சுக்காரரின் 1.3 விநாடி

நண்பர்களே, ரிக் ஸ்மிட்ஸ் என்றதும் எல்லாரும் முதலில் அவருடைய உயரத்தைத்தான் சொல்வார்கள். நானும் சொல்லிவிடுகிறேன், ஒரு வேலை முடியட்டும். 7 அடி 4 அங்குலம். நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரத்தில் 1966-ல் பிறந்தவர். பதின்ம வயதில்தான் கூடைப்பந்தைக் கையில் எடுத்தார்.

இப்போது 1995 மே 29-க்கு வாருங்கள். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக், கிழக்குப் பிரிவின் இறுதித் தொடர். இண்டியானாபோலிஸில் ஸ்மிட்ஸின் இண்டியானா பேசர்ஸும் ஒர்லாண்டோ மேஜிக்கும் மோதுகிற நான்காவது ஆட்டம். கடைசி 13 விநாடியில் ஒர்லாண்டோவின் பிரையன் ஷா மூன்று புள்ளி போடுகிறார். இந்தப் பக்கம் ரெஜி மில்லர் திருப்பி மூன்று. உடனே பென்னி ஹார்டவே இன்னொரு மூன்று. இண்டியானா ஒரு புள்ளி பின்னால், கடிகாரத்தில் மீதி 1.3 விநாடி.

பந்து வந்தது ஸ்மிட்ஸ் கைக்கு. எதிரே ட்ரீ ரோலின்ஸ், அவரும் ஏழடிக்காரர். 1.3 விநாடியில் நம்மில் யாராக இருந்தாலும் பதறி எறிந்திருப்போம். ஸ்மிட்ஸ் எறிவதுபோல் பாவனை காட்டினார். ரோலின்ஸ் ஏமாந்து எழும்பினார். அவர் கீழே இறங்குவதற்குள் இவர் நிதானமாகப் பந்தை விட்டார். உள்ளே! 94-93.

'டங்க் அடிக்கும் டச்சுக்காரர்', அதாவது எம்பி வளையத்துக்குள் பந்தைத் திணிக்கிறவர் என்று பட்டப்பெயர் வைத்தார்களே, எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. இவருடைய சொத்து மென்மையான கை. யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று எறிகிற ப்ரீ த்ரோவில் 100-க்கு 77 உள்ளே போகும். அதே காலத்து மலை, ஒர்லாண்டோவின் ஷகீல் ஓ'நீல், மொத்தக் கணக்கில் 53-ஐத் தாண்டவில்லை. அந்தத் தொடரில் கடைசி ஆட்டம்வரை போய் ஜெயித்தது ஓ'நீல் அணிதான், அது வேறு கதை.

இவர் வந்த வழியும் பெரிய பல்கலைக்கழக வழி இல்லை. நியூயார்க் மாநிலத்தின் போகீப்சியில் மாரிஸ்ட் என்று ஒரு சின்னக் கல்லூரி. அங்கிருந்து வந்தவரை, அணிகள் புதுமுகங்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற 1988 டிராஃப்டில், இரண்டாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது இண்டியானா. ஆரம்பத்தில் விதியை மீறி பவுல் வாங்கி வாங்கியே பெஞ்சில் உட்கார்ந்தார். அப்புறம் பன்னிரண்டு சீசன், 867 ஆட்டம், எல்லாமே அந்த ஒரே சட்டையில். சராசரி 14.8 புள்ளி. 1998-ல் லீக்கின் நட்சத்திரங்கள் ஆடுகிற ஆல்-ஸ்டார் ஆட்டத்திலும் ஆடினார்.

ஆனால் அரங்கமே அண்ணாந்து அவர் தலையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவரைப் படுத்தியது கீழே, பாதம். இரண்டு பாதத்திலும் நரம்புக் கோளாறு. 1996-97 சீசனில் 82 ஆட்டத்தில் 52-தான் ஆட முடிந்தது. அவ்வளவு உடம்பையும் தாங்கி ஓடி, குதித்து, இறங்குகிற இடம் அதுதானே!

2000-ல்தான் பேசர்ஸ் முதல்முறையாக என்.பி.ஏ. இறுதித் தொடருக்கு வந்தது. எதிரே யார்? மறுபடியும் ஓ'நீல், இந்த முறை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியின் சட்டையில். 4-2 என்று தோல்வி. பேசர்ஸ் பயிற்சியாளர் லாரி பேர்ட் அத்தோடு விலகினார், ஸ்மிட்ஸும் ஓய்வு பெற்றார். வயது 33.

ஓய்வு பெற்றவர் காலுக்கு இதம் கொடுத்தாரா? பழைய மோட்டோகிராஸ் பைக்குகளை வாங்கிச் சேர்த்து, மண்மேடுகளில் ரேஸ் ஓட்டப் போய்விட்டார். ஏழடி நாலங்குல ஆள் அந்த பைக்கில் முழங்காலை எங்கே வைப்பார் என்று நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன்.