யானை சீல் எங்கே தூங்குகிறது?

எல்லோருக்கும் வணக்கம். திமிங்கல ஆராய்ச்சியாளர் என்று என்னை அறிமுகப்படுத்தினார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது! ஆனால் நான் இந்தத் துறைக்குப் புதியவள். உயிருள்ள திமிங்கலத்தைப் பார்த்த நேரத்தைவிட, அது முங்கி எழுந்த ஆழத்தைக் கணினித் திரையில் கோடாகப் பார்த்த நேரம்தான் அதிகம். அந்தக் கோடுகள்மீதுதான் எனக்குப் பைத்தியம்.

நீலத் திமிங்கலத்தின் இதயம் எவ்வளவு பெரியது என்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடுவார்கள். கடலில் நீந்தும்போது அது எப்படித் துடிக்கிறது என்பது 2019இல்தான் தெரியவந்தது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் ஒரு நீலத் திமிங்கலத்தை ஒட்டிப் படகைச் செலுத்தி, நீளமான கழியால் அதன் துடுப்பருகே ஒரு கருவியைப் பதித்தார்கள். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கிண்ணங்கள், அதற்குள் மின்முனைகள். திமிங்கலம் முங்கியதும் துடிப்பு நிமிடத்துக்கு 2 வரை இறங்கியது. மேலே வந்து மூச்சு வாங்கும்போது 37 வரை ஏறியது.

சரி, திமிங்கலத்தைக் கொண்டாட ஊரே இருக்கிறது. நான் சீல் கட்சி. சீல் என்றால் துடுப்புபோன்ற கால்களோடு கடலிலும் கரையிலும் வாழும் பாலூட்டி; அதில் மிகப் பெரிய வகைதான் யானை சீல்.

கரையில் படுத்துக்கிடக்கும் யானை சீலைப் பார்த்தால், இதைவிடச் சோம்பேறிப் பிராணி உண்டா என்று தோன்றும். அங்கே அதற்கு நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் தூக்கம். கடலுக்குள் போனால்? ஜெசிகா கெண்டல்-பார் என்ற இளம் ஆய்வாளர் வட யானை சீல்களின் தலையில் ஒரு ரப்பர் தொப்பியை மாட்டி, நீருக்கடியிலேயே மூளை அலைகளைப் பதிவு செய்தார். 2023இல் முடிவு வெளியானது. மாதக்கணக்கில் கடலில் திரியும் பெண் சீல் ஒரு நாளில் தூங்குவது சராசரியாக 2 மணி நேரம்தான். அதுவும் பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாக.

எங்கே தூங்குகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. மேற்பரப்பில் சுறாவும், சீல்களை வேட்டையாடும் ஓர்கா என்ற கொலைகாரத் திமிங்கலமும் சுற்றும், அங்கே கண்ணசர முடியாது. அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்குகிறது. போகிற போக்கிலேயே உறக்கம் பிடிக்கிறது. கனவு வரும் கட்டத்தில் தசையெல்லாம் தளர்ந்து, உடல் மல்லாந்து, உதிர்ந்த இலைபோலச் சுழன்று சுழன்று இறங்குகிறது. நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில் விழித்து, மறுபடி மேலே நீந்துகிறது. இதை எந்த மனிதரும் நேரில் பார்த்ததில்லை. கோடுகள் சொல்லித்தான் தெரியும்.

அப்புறம், சீல்கள் நமக்குக் கடலையும் அளந்து தருகின்றன. அண்டார்க்டிகாவைச் சுற்றித் திரியும் தென் யானை சீலின் தலைமயிரில், வெப்பமும் உப்பும் அளக்கும் சின்னக் கருவியைப் பசையால் ஒட்டிவிடுவார்கள். சீல் மேலே வரும்போதெல்லாம் அது செயற்கைக்கோளுக்குத் தகவல் அனுப்பும். வருடத்துக்கொருமுறை மயிர் உதிரும்போது கருவியும் உதிர்ந்துவிடும். பனிக்கடியில் கப்பல் போக முடியாத குளிர்காலத்திலும் சீல் போகும். கிழக்கு அண்டார்க்டிகாவின் கேப் டார்ன்லி அருகே கனத்த குளிர்நீர் உருவாகி ஆழ்கடலின் அடித்தளத்துக்கு இறங்குவதை 2013இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் உறுதிசெய்ததில் இந்தச் சீல்களுக்கும் பங்குண்டு.

நம் கடலில் சீல் கிடையாது. திமிங்கலம் உண்டு. 2016 ஜனவரியில் மணப்பாடு, திருச்செந்தூர் கரையில் 80க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கியது பலருக்கு நினைவிருக்கும். மீனவர்கள் கடலுக்குள் கொண்டுபோய் விட்டும் சில திரும்பி வந்தன. இதே கரையில் 1973 ஜனவரியிலும் இப்படி நடந்திருக்கிறது. ஏன் என்று எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். கரையில் கிடக்கும் உடலை அளக்கலாம், அறுத்துப் பார்க்கலாம். முந்தின இரவு அந்தக் கூட்டம் எந்த ஆழத்தில், எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது என்பதை அது சொல்லாது. உயிரோடு இருக்கும் பைலட் திமிங்கலங்கள்மீது, நம் கடலிலேயே கருவி ஒட்ட வேண்டும் என்பதுதான் என் ஆசை. வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் அனுமதியில்லாமல் அவற்றைத் தொடக்கூட முடியாது, அது சரிதான். விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். படகு வாடகைக் கணக்கு மட்டும் இன்னும் இடிக்கிறது.