பம்ப் ஓடுகிறது, தண்ணீர் நிற்கிறது

[காட்சி: படகின் தளப்பலகை திறந்திருக்கிறது. உள்ளே டார்ச் வெளிச்சம்.]

பம்ப்பை இப்போதுதான் நிறுத்தினேன். காற்றை உறிஞ்சும் சத்தம் கேட்டதால் உள்ளே தண்ணீர் தீர்ந்துவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் பம்ப்பிலிருந்து ஒரு முழம் தள்ளி, இந்தச் சட்டத்துக்கு அந்தப் பக்கம் கையை விடுகிறேன். பாருங்கள், விரல்கள் முழுக்க நனைந்துவிட்டன.

தளப்பலகைக்குக் கீழே, படகின் அடிவயிற்றில் இருக்கும் இந்த இடத்துக்குப் பில்ஜ் என்று பெயர். மழை, அலைச் சிதறல், நங்கூரக் கயிறு கொண்டுவரும் ஈரம் எல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து சேரும். இது ஆறு மீட்டர் ஃபைபர்கிளாஸ் படகு. கோடை முழுவதும் கனடா-அமெரிக்க எல்லையிலுள்ள ஒன்டாரியோ ஏரியில் ஓடியது. அக்டோபரில் கரையேற்றி டிரெய்லரில் நிறுத்தியிருக்கிறேன். அங்கே குளிர்காலத்தில் தேங்கிய தண்ணீர் உறைந்துவிடும். உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். விரிய இடமில்லாத மூலையில் மாட்டிக்கொண்டால் ஃபைபர்கிளாஸையே பிளந்துவிடும்.

எடையும் குறைவில்லை. 2 மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் ஆழம் என்று கணக்குப் போடுங்கள்: 30 லிட்டர், அதாவது 30 கிலோ. படகு திரும்பும்போதெல்லாம் அது ஒரு பக்கமாகச் சரிந்து ஓடும்.

[காட்சி: சட்டத்தின் அடியில் உள்ள துளை, மிக அருகில்.]

பம்ப்பிடம் வந்து சேராத தண்ணீரைப் பம்ப் எப்படி இறைக்கும்? படகின் அடியில் நெடுக்காகவும் குறுக்காகவும் சட்டங்கள் ஓடுகின்றன. அவை பில்ஜைச் சிறுசிறு பாத்திகளாகப் பிரித்துவிடுகின்றன. ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்குத் தண்ணீர் போக, சட்டத்தின் அடியில் விரல் பருமனுக்கு ஒரு துளை இருக்கும். வயலுக்கு மடை எப்படியோ, படகுக்கு இந்தத் துளை அப்படி. மடை அடைத்தால் மேல் பாத்தியில் தண்ணீர் நிற்கத்தானே செய்யும்?

பழைய சைக்கிள் பிரேக் கம்பியை உள்ளே விட்டு மெதுவாகத் திருகுகிறேன். குத்த வேண்டாம், முன்னும் பின்னும் இழுத்தால் போதும். வருகிறது... தலைமுடி, ஃபைபர்கிளாஸ் தூள், பானக் குப்பியிலிருந்து உரிந்து கூழாகிப்போன காகிதம், எல்லாவற்றையும் ஒட்டவைத்த எண்ணெய்ப் பிசுக்கு. கட்டை விரல் அளவுதான் இருக்கும். அழுகிய முட்டை நாற்றம். அடுத்த நொடி கறுப்பாக ஒரு நூல் ஒழுகி, பிறகு கலகலவென்று ஓடுகிறது.

இந்தத் துளைகள் வழியாக ஒரு மெல்லிய சங்கிலியை நிரந்தரமாகக் கோத்துவைப்பது பழைய மரப்படகுகளின் வழக்கம். அவ்வப்போது இழுத்துவிட்டால் அடைப்பே சேராது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

துளையே இல்லாத பாத்தி இருந்தால் டிரில்லை எடுத்துவிடாதீர்கள். பல படகுகளில் சட்டத்தின் உள்ளே மரம் இருக்கும். துளையின் உள்சுவரை எபாக்ஸி என்ற இறுகும் பிசின் பூசி மூடாவிட்டால் மரம் நீரை உறிஞ்சி உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகும்.

இப்போது அணியம், அதாவது படகின் முன்முனை, உயரும்படி டிரெய்லரின் முன்புறத்தைத் தூக்குகிறேன். தண்ணீர் பின்புறம் ஓடிவருகிறது. அங்கே வடிகால் மூடியைத் திருகி எடுத்தால் தானாக வடிந்துவிடும். படகு தண்ணீரில் இருக்கும்போது இதைத் திறக்கவே கூடாது. வடியவிடுவதற்கு முன்னால் மேலே எண்ணெய்ப் படலம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் எண்ணெயை மட்டும் உறிஞ்சும் விரிப்பைப் போட்டு எடுத்துவிடுங்கள். அந்த ஏரித் தண்ணீரைத்தான் கரையோர ஊர்கள் குடிக்கின்றன.

மூலையில் மிஞ்சும் கடைசி ஒரு சென்டிமீட்டரை எந்தப் பம்ப்பும் எடுக்காது. கைப்பம்ப், பிறகு ஸ்பாஞ்ச், வாளி. பெட்ரோல் படகில் வீட்டு வாக்குவம் கிளீனரை இறக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. பில்ஜில்தான் படிந்து கிடக்கும். மோட்டாரின் ஒரு பொறி போதும், வெடித்துவிடும்.

நன்றாகத் துடைத்தபின் சட்டங்களின் ஓரம் சாக்பொடி தூவி, மேலே ஹோஸ் பைப்பால் ஒவ்வொரு இடமாக நனைத்துப் பார்ப்பேன். பொடியில் கோடு விழும் இடத்திலிருந்து மேலே தேடினால் கசிவு பிடிபடும்.

[காட்சி: சாவியோடு கட்டிய வடிகால் மூடி.]

மூடியை மறுபடி போடவில்லை. வசந்தம் வரை துளை திறந்தே இருக்கட்டும். மூடியை எஞ்சின் சாவியோடு கட்டிவைத்துவிட்டேன்.