பெயருக்குப் பாகப்பிரிவினை இல்லை

[காட்சி: பாளையங்கோட்டையில் ஒரு பழைய வீடு, திண்ணைச் சுவரில் தேய்ந்துபோன கல் பெயர்ப்பலகை]

வணக்கம். நான் வளர்ந்த தெருவில் என் பெயரைக் கேட்டவர்கள் குறைவு. "நீ வக்கீல் ஐயா பேரன்லா?" என்றுதான் கேட்பார்கள், நான் தலையசைத்ததும், "தாத்தா பேரைக் காப்பாத்தணும், என்ன?" என்பார்கள். பத்து வயதில் பெருமையாக இருந்த அந்தச் சொல், இருபது வயதில், தேர்வு முடிவு வரும் நாள்களில், தூக்கத்தைக் கெடுத்தது. இந்தச் சுமை எப்படி ஏறுகிறது என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம்.

வயலையும் வீட்டையும் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பிரித்துக்கொள்ளலாம். நான்கு வாரிசுகள் இருந்தால் ஆளுக்குக் கால் பங்கு வரும். பெயரை அப்படிப் பிரிக்க முடியாது. எத்தனை பேர் இருந்தாலும் ஒவ்வொருவர் தலையிலும் அது முழுதாகவே வந்து அமர்கிறது. சொத்தெல்லாம் விற்றுப்போன வீடுகளிலும் பிள்ளைகளுக்கு இந்த நெருக்கடி குறையாமலிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

[காட்சி: திருக்குறுங்குடி நம்பி கோயில் கோபுரம், பின்னால் மலை]

நம் பக்கத்து வரலாறு ஒன்று இங்கே உதவும். மகேந்திரகிரி மலையடிவாரத்துத் திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்தவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். மகன் வழக்கறிஞராக வேண்டும் என்பது அவருடைய தந்தையின் விருப்பம். அவரோ ரயில்வேயிலும் பிறகு வங்கியிலும் வேலை பார்த்துவிட்டு, அந்த வேலையையும் விட்டு, 1911இல் மதுரையில் மோட்டார் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 34. இன்று டி.வி.எஸ். என்றதும் நினைவுக்கு வரும் அத்தனை பெருமைக்கும் தொடக்கம், ஒரு மகன் தன் தந்தை காட்டிய வழியிலிருந்து விலகியதுதான். பரம்பரைப் பெருமையைப் பேசுகிற வீடுகளில் இந்தப் பகுதியை எவரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

அவருடைய நிறுவனத்தின் பெயரிலேயே 'அண்ட் சன்ஸ்' என்று மகன்களுக்கு இடம் இருந்தது. மகளுக்கு அந்தப் பலகையில் இடமில்லை. சிறு வயதில் மணமாகி, இளமையிலேயே கணவரை இழந்த மகள் சௌந்தரத்தை மறுபடியும் படிக்க அனுப்பினார்கள் அவருடைய பெற்றோர். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய துணிவு என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். டெல்லியில் மருத்துவம் படித்து முடித்த அவர், காந்தியத் தொண்டில் இறங்கி, பிறகு மறுமணம் செய்துகொண்ட ஜி. ராமச்சந்திரனுடன் சேர்ந்து 1947இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார். தொழிலில் தந்தையோடு அவரை ஒப்பிட எவருக்கும் தோன்றவில்லை; ஒப்பிடுவதற்குப் பொதுவான அளவுகோலே அங்கே இல்லை.

ஒப்பீடுதான் இதன் வேர். பேரனின் இருபது வயதை, தாத்தாவின் அறுபது வயதுக்குப் பக்கத்தில் நிறுத்துகிறோம். கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தில் அவர் கறுப்புக் கோட்டோடும் நரைத்த மீசையோடும் இருக்கிறார். வழக்கோடு கட்சிக்காரர் ஒருவர்கூட வராத அவருடைய முதல் வருடங்களை யாரும் படமெடுத்து மாட்டவில்லை. தோற்ற கதைகள் ஒரு தலைமுறைக்குள் மறைந்துவிடுவதால், பிள்ளைகளுக்கு வந்து சேர்வது வெற்றி மட்டும்தான்.

ஆகவே இப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவர்கள், அந்தக் கதைகள் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டுவிட வேண்டும். நான் கொஞ்சம் பிந்தித்தான் கேட்டேன்.

[காட்சி: அடுப்படி வாசலில் வெற்றிலைச் செல்லம்]

"ஆச்சி, என் வயசில தாத்தா என்ன செஞ்சாங்க?"

ஆச்சி பாக்கை வாயில் போட்டுக்கொண்டு, சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள்: "பரீட்சையில ரெண்டு தரம் தோத்துட்டு, வீட்டுக்கு வர வெக்கப்பட்டு, திருச்செந்தூர்ல போய் நாலு நாள் உக்காந்திருந்தாகல்லா."