கேட்காமல் விட்ட கேள்வி

வணக்கம் நேயர்களே.

வழக்கு என்று வந்துவிட்டால் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு இது: "எல்லாருக்கும் ஒரே லோயரைப் பிடிப்போம், காசும் மிச்சம்." ஒரு தாய் பிள்ளைகள் ஆளுக்கொரு சட்டத்தரணி வைத்தால் ஊர் என்ன சொல்லும் என்ற யோசனையும் இருக்கும். அந்த மனம் எனக்குப் புரிகிறது. எல்லா எதிரிகளும், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களும், சொல்வது ஒரே கதை என்றால் ஒருவரே போதும்.

கதை பிரியும்போதுதான் சிக்கல்.

திருகோணமலையில் கிண்ணியாப் பாலம் வருவதற்கு முந்திய காலம். மூதூர்ப் பக்கத்திலிருந்து அண்ணன் தம்பி இருவர், இருவருக்கும் என்னையே சட்டத்தரணியாக வைக்க, விடியவே லோஞ்சில் ஏறி வந்தார்கள். கரைவலைத் தகராறு, ஒருவருக்குத் தலையில் வெட்டு. அண்ணன் முதலாம் எதிரி, தம்பி இரண்டாம் எதிரி. பேசியதெல்லாம் அண்ணன், தம்பி தலையை மட்டும் ஆட்டினான். அன்றே அவனைத் தனியாக இருத்திக் கேட்டிருக்க வேண்டும்.

வழக்கு விளக்கத்தின்போது மன்றில் காயம்பட்டவர், "இரண்டு பேரும் வெட்ட வந்தார்கள்" என்றார். ஆனால் தம்பி வள்ளத்தடியில் நின்றான் என்றுதான் அவர் பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருந்தார். அதை எடுத்துக் காட்டினால் தம்பி தப்புவான். அடுத்த மூச்சிலேயே, "ஓம், வெட்டினது மூத்தவர்தான்" என்று வரும். நான் கேட்கவில்லை. வெளிச்சத்தைப் பற்றிக் கேட்டேன், தூரத்தைப் பற்றிக் கேட்டேன், உட்கார்ந்துவிட்டேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. அடுத்த தவணையில் மன்றுக்குச் சொல்லி இருவரின் வழக்கிலிருந்தும் விலகினேன். இருவரின் இரகசியமும் என்னிடம் இருந்தது, அண்ணனுக்கு மட்டுமாகவும் இனி நான் ஆஜராக முடியாது. தம்பிக்கு வந்த சட்டத்தரணி அந்தச் சாட்சியைத் திரும்ப அழைப்பித்து, அதே கேள்வியைக் கேட்டார். தம்பி விடுதலையானான்.

கேட்ட கேள்வி வழக்கேட்டில் இருக்கும். கேட்காமல் விட்டது எங்கும் பதிவாகாது. மேன்முறையீட்டில் எதைக் காட்டுவது? அமெரிக்காவின் ஆர்கன்சாவில் மூன்று எதிரிகளுக்கு ஒரே சட்டத்தரணி. அவரே தனித்தனியாக ஆள் போடுங்கள் என்று கேட்டும் நீதிபதி மறுத்தார். 1978 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புகளை இரத்துச் செய்தது. சட்டத்தரணி செய்யாமல் விட நேர்வதில்தான் கேடு என்பது அவர்கள் சொன்ன காரணம். என் அனுபவமும் அதேதான்.

நம் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 32 ஆம் பிரிவையும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். சரி, சுருக்கமாக: பொது எண்ணத்தோடு பலர் செய்த குற்றத்துக்கு ஒவ்வொருவரும் தனியே செய்தது போலப் பொறுப்பு. ஆகவே "நான் சும்மா நின்றேன்" என்பவருக்குத் தனிக் குரல் வேண்டும்.

"எனக்கு நல்லதும் அண்ணனுக்குக் கெடுதலுமான கேள்வி வந்தால் கேட்பீர்களா?" என்று உங்கள் சட்டத்தரணியிடம் முதல் நாளே கேளுங்கள். இரண்டாவது ஆளுக்குக் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, திருகோணமலையிலும் இருக்கிறது. வணக்கம்.