இடுப்பைப் பிடிக்க ஒரு கை

நேயர்களுக்கு வணக்கமுங்க.

நான் செய்யும் வேலையைச் சொன்னால் எங்கள் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துப் பெரியவர்கள், "அப்போ மருத்துவச்சியா அம்மிணி?" என்பார்கள். இல்லைங்க. பிள்ளையை வாங்குவது, சோதிப்பது, ஊசி போடுவது எல்லாம் டாக்டரும் நர்சும் பார்ப்பது. நான் தாயின் பக்கத்தில் இருப்பவள். டூலா என்பார்கள். கிரேக்கத்தில் பணிப்பெண் என்று பொருள். டானா ரஃபேல் என்ற மானுடவியலாளர் 1973-இல் தாய்ப்பால் பற்றி எழுதியபோது இந்தச் சொல்லை எடுத்தாண்டார். சொல்தான் புதுசு.

என் அம்மாயி காலத்தில் வலி கண்டவளைச் சுற்றி நாலு பெண்கள் இருப்பார்கள். ஒருத்தி முதுகுக்குச் சாய்வு, ஒருத்தி வெந்நீருக்கு, மற்றவர்கள் பேச்சுக்கு. அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். ரத்தப்போக்கில் போனவர்கள் எத்தனையோ பேர். ஆஸ்பத்திரிக்குப் போய் உயிர் பிழைத்தோம். போகும்போது அந்த நாலு பேரையும் வாசலிலேயே விட்டுவிட்டோம்.

என் முதல் பிரசவத்தில் பதினோரு மணி நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். ஒரு ஆயா போகிற போக்கில் நெற்றியைத் துடைத்துவிட்டார். டாக்டர் முகம் மறந்துவிட்டது, அவர் முகம் மறக்கவில்லை.

போன மழைக்காலத்தில் திருப்பூரில் ஒரு பெண். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். அம்மாவால் வர முடியவில்லை. எங்கள் கட்டணம் அந்தச் சம்பளத்துக்கு எட்டாது. தெரிந்த அக்கா என்ற கணக்கில் போனேன். வலி வரும்போதெல்லாம் தோளைத் தூக்கி, மூச்சை அடக்கிப் பல்லைக் கடித்தாள். வால் எலும்புக்கு மேலே இரண்டு உள்ளங்கையாலும் ஊன்றி அழுத்தினேன். "இன்னும் அக்கா, இன்னும்" என்றாள். சூடான காபியை ஊதுகிற மாதிரி மெதுவாக ஊதச் சொன்னேன். வலி விட்ட நேரத்தில் சுவரைப் பிடித்து நடந்தோம், ஒரு வாய் தண்ணீர், மறுபடி சுவர். விடிகாலை நாலரைக்குப் பெண் குழந்தை.

இது வெறும் ஆறுதல் இல்லைங்க. 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளை 2017-இல் சேர்த்துப் பார்த்தார்கள். விடாமல் ஒருவர் பக்கத்தில் இருந்தால் சிசேரியன் குறைகிறது, வலி நேரமும் கொஞ்சம் குறைகிறது. அரசு மருத்துவமனைகளில் உறவுப்பெண் ஒருவரை உள்ளே விடும் ஏற்பாடு இருக்கிறது. உள்ளே போகிற அத்தையோ சின்னம்மாவோ "கத்தாதே" என்று அதட்டாமல் இடுப்பைப் பிடித்தால், அவர்தான் டூலா.

அப்புறம், வீட்டுக்கு வந்த பிறகு. மருந்துச் சாமான் போட்ட செலவு ரசம், பூண்டு எல்லாம் சரி. "பச்ச உடம்புக்காரி, தண்ணி குடுக்காதே" என்பதுதான் தப்பு. பால் கொடுப்பவளுக்குத் தாகம் அதிகம். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டாம், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் அதைத்தான் கொடுக்க வேண்டும். முதல் சில நாள் காரணமில்லாமல் அழுவாள், அது இயல்பு. இரண்டு வாரம் தாண்டியும் அழுதால், தூக்கம் வராமல் பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால், மந்திரிக்கப் போகாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்க.

எட்டாம் நாள் அந்தத் திருப்பூர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த கணவர் உதட்டில் விரல் வைத்தார். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் கையில் பாதி களைந்த அரிசிப் பாத்திரம். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தேன்.

வணக்கமுங்க.